சல்லிக்காசு பெறாது

பழைய சாமான் வாங்கி விற்கும் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். மனசுக்குப் பிடித்த பொருளைத்தான் வாய்க்கு வந்தபடி மட்டம் தட்டுவார். "சல்லிக்காசு பெறாதுங்க" என்று உதட்டைப் பிதுக்கினால், அதை வாங்காமல் விடமாட்டார் என்று அர்த்தம்.

அன்று கடைக்கு வந்த தையல் பள்ளிக்கூடத்து அம்மா, அங்கே பல வருஷம் ஓடாமல் கிடந்த தையல் மெஷின் ஓடுவதைப் பார்த்து அசந்துபோனார்.

"யாரு சரி பண்ணினது?"

"என் பொண்ணுதாங்க."

"எங்ககிட்ட இருபது மெஷின் இருக்கு. பார்த்துக்க ஆள் தேடிக்கிட்டிருக்கேன். வேலை நல்லாத் தெரியுமா?"

கடைக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன உதடு, முப்பது வருஷப் பழக்கத்தில் தானாகப் பிதுங்கியது.

"அதுக்கு என்னங்க தெரியும்? சல்லிக்காசு பெறாதுங்க. ஏதோ குருட்டாம்போக்குல ஓடியிருக்கும்."

திருத்திச் சொல்ல நாக்கு எழுவதற்குள் அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

திரும்பினால், அலமாரிக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு மகள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், கடைக்காரர் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"எனக்குப் புரிஞ்சுதுப்பா" என்றாள் அவள், கையைத் துடைத்தபடியே. "அவங்களுக்குத்தான் புரியல."