பத்துக்கு இரண்டு

"பத்துக்கு எத்தனைப்பா வலி?" என்று தங்கை கேட்டாள். அவளுடைய ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் அப்பாவின் நாடி.

"ரெண்டு," என்றார் அப்பா. "ரெண்டுகூட இருக்காது. நீ கிளம்பு, நேரமாகுது."

அவள் அட்டையில் இரண்டு என்று எழுதினாள். கதவோரம் நின்ற அண்ணனுக்குத் தெரியும், அது பச்சைப் பொய். அவள் தெருமுனையைத் தாண்டியதும் அப்பா துண்டைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடிப்பதை மூன்று நாளாக அவன்தான் பார்க்கிறான். அவனிடம் எட்டு என்பார், ஒன்பது என்பார். கூடவே, "அவகிட்ட மூச்சு விடாதே" என்று சத்தியமும் வாங்கிக்கொள்வார்.

மருந்து இல்லாமலா? தங்கையின் பையிலேயே இருக்கிறது. இனிக் குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப்போய் வலியைத் தணிக்கிற நர்ஸ் அவள். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. நோயாளியின் வாயைப் பார்க்காதே, புருவத்தைப் பார் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் அவள்தான். சொந்த அப்பாவிடம் மட்டும் வாயை நம்பிவிட்டாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி.

அப்பா லைன்மேனாக இருந்தவர். புயலடித்தால் தன் வீட்டை இருட்டில் விட்டுவிட்டு ஊர்க் கம்பங்களில் ஏறியவர். "எனக்கு எட்டுன்னு தெரிஞ்சா இங்கேயே உக்காந்துடுவாடா. அங்க எத்தனை பேரு இவ எப்ப வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கறாங்க தெரியுமா?" என்று அவர் சொன்னபோது, அத்தனை வேதனையிலும் அந்த முகத்தில் ஒரு மிதப்பு இருந்தது. மகனுக்குக் கோபம் வந்தது, தங்கையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. லாரிப் பட்டறையில் இருபது வருஷமாக உழைக்கிற தன்னைப் பற்றி அப்பா இப்படி ஒரு நாளும் பேசியதில்லையே என்று கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

தங்கை செருப்பை மாட்டினாள். போர்வைக்குள் அப்பாவின் விரல்கள் சுருண்டன. சத்தியமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது அண்ணனுக்கு.

"அவர் பொய் சொல்றாரு. எட்டு. மூணு நாளா எட்டு."

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடா," என்றார் அப்பா.

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து போர்வையை விலக்கினாள். அப்பாவின் உள்ளங்கை முழுக்க அவருடைய நகமே பதிந்த தடம். டாக்டருக்குப் போன் போட்டு அளவைக் கேட்டுக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

"இப்படி ஏமாத்திட்டீங்களேப்பா. நர்ஸுன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு."

"மூணு நாளும் வேலைக்குப் போனியா இல்லியா?"

"போனேன்."

"அப்ப ஜெயிச்சது நான்தான்," என்றார். அரை மணி நேரத்தில் அவர் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

அவள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே இருந்தாள். மறுநாள் முழுக்க அப்பா வலியில்லாமல் தூங்கினார், நடுவில் எழுந்து அண்ணனின் மீசையைக்கூடக் கிண்டல் செய்தார். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

மூன்று மணிக்குத் தங்கையின் போன் அடித்தது, அவள் பார்க்கிற ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து. "எப்பலேர்ந்து? மாத்திரை உள்ள தங்கலையா?" என்று கேட்டவள், போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குப் பதிலாகப் போகிற நர்ஸ் ஊரின் மறுகோடியில் இருந்தாள், வந்துசேர இரண்டு மணி நேரமாகும்.

துக்கத்துக்கு வந்திருந்த அத்தைக்குப் புரிந்துவிட்டது. "பெத்தவன் இன்னும் வாசல் தாண்டல. இப்ப நீ கிளம்பினா நாலு பேரு என்னடி பேசுவாங்க?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

"அந்த நாலு பேரும் ஒருநாள் இவளைத்தான் கூப்பிடுவாங்க அத்தை. அப்பாவைப் பாத்துக்கோங்க, வந்துடறோம்."

அந்த வீட்டின் முனகல் தெருவரைக்கும் கேட்டது. தங்கை முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றான். முனகல் உயர்ந்தது, விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றேவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"நல்லாத் தூங்கறாரு. எங்க சிஸ்டர் வந்தா போதும்." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்பவும் பஸ்ஸுலதானே வருவாங்க. இன்னிக்கு முகம் ஏன் வாடியிருக்கு, வீட்டுல ஏதாவதா? நீங்க யாரு, அவங்க டிரைவரா?"

"வீட்டுல ஒண்ணுமில்லம்மா," என்றான் அண்ணன். முதுகு தானாக நிமிர்ந்தது. "ஆமா, அவங்க டிரைவர்தான்." டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.