ஆடி கழியட்டும் என்றவன்

பகல் பன்னிரண்டு மணிக்கு, அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, லோகநாயகி கரண்டியைக் கீழே போட்டாள். அவள் புருஷன் அனந்தகிருஷ்ணன் ஓடிவந்து பார்த்தான். வலது விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் தரையில் மடங்கிக் கிடந்தாள். சேலையூர் முழுக்க ஆடிக் காற்று. வீட்டில் ஒரு கதவும் கொண்டியில் நிற்கவில்லை.

பித்தப்பையில் கல். சித்திரையிலேயே ஆபரேஷன் செய்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். புது வேலையில் சேர்ந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவன் அனந்தகிருஷ்ணன்தான்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷம் உழைத்தவன் அவன். ஒரகடத்தில் நல்ல இடம் கிடைத்ததும் ஆனி கடைசி நாளோடு பழைய வேலையை விட்டான். புதுக் கம்பெனிக்காரர்கள் மறுநாளே வரச் சொன்னார்கள். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் எவனாவது புது இடத்தில் கால் வைப்பானா? ஆவணி முதல் தேதி வருகிறேன் என்று கெஞ்சி நாள் வாங்கிக்கொண்டான்.

பழைய ஆபீசில் எச்.ஆர். பார்க்கும் ஜான்சி மேடம் சொல்லத்தான் செய்தாள். கடைசி வேலை நாளோடு கம்பெனி இன்சூரன்ஸ் நின்றுவிடும், போவதற்கு முன்பே ஃபாரம் எழுதிக் கொடுத்தால் குடும்பத்துக்குத் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ளலாம் என்றாள். கமிஷனுக்குப் பேசுகிறாள் என்று நினைத்தான். அவன் கையில் இருந்த இன்சூரன்ஸ் அட்டையில் அடுத்த மார்ச் வரை என்று போட்டிருந்தது. அட்டையை நம்பினான், ஆளை நம்பவில்லை. கம்பெனி கொடுத்த அட்டை கம்பெனியோடு போய்விடும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். அவன் டிப்ளமோ படித்தவன், அவனுக்குத் தெரியவில்லை.

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனான். வலிக்கு ஊசி போட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கவுன்டர் பெண் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை தட்டினாள்.

"சார், இதுல உங்க பேரு இல்ல."

"மார்ச் வரைக்கும்னு போட்டிருக்கே மேடம், பாருங்க."

"அது பாலிசியோட தேதி சார். உங்க பேரையும் உங்க வைஃப் பேரையும் போன மாசமே எடுத்துட்டாங்க."

அதற்குமேல் அவன் கத்திப் பார்த்தான். முன்பணம் கட்டினால் உடனே அட்மிஷன், இல்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம், பதில் வரும்வரை உட்காருங்கள் என்றார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை. பதில் வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்தான்.

கூடம் நிறைய ஆள் இருந்தும் பேச்சுச் சத்தம் இல்லை. கடைசி வரிசை, சுவரோரம். பக்கத்து நாற்காலியில் ஒருவர், அவன் பழைய கம்பெனியின் நீலச் சட்டையோடு இருந்தார். விசாரித்தான். ஸ்டாம்பிங் செக்‌ஷன், பெயர் ரத்தினம் என்றார். அவர் கையிலும் அதே அட்டை. கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பெயர் இருக்கும் இடம் மட்டும் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது.

"பதில் வரும்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா."

"என்கிட்டயும் சொன்னாங்க. நானும் ஆடி கழியட்டும்னுதான் இருந்தேன்."

"எவ்ளோ நேரமா உக்காந்திருக்கீங்க?"

"போன ஆடிலேருந்து."

அனந்தகிருஷ்ணன் ஒப்புக்குச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அந்த நேரம் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. கவுன்டர் காகிதம் பறந்தது, லோகநாயகியின் முந்தானை பறந்தது. பக்கத்தில் இருந்தவருடைய தலைமயிர் ஒன்றுகூட அசையவில்லை. சட்டைக் காலர்கூட அப்படியே இருந்தது.

"உக்காராத தம்பி. அது வராது. அந்தம்மாவக் கூட்டிட்டு எழுந்து போ," என்றார் அவர்.

"இன்னா சார், காலி சீட்டாண்ட பேசிகினு கீற?"

கூட்டிப் பெருக்கும் பச்சையம்மா துடைப்பத்தோடு எதிரில் நின்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். நாற்காலியில் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஆள் உட்கார்ந்த தடம் இல்லை.

"அத்த நான் தொடைக்கிறதே இல்ல," என்றாள் பச்சையம்மா. "போன வருசம் ஒருத்தரு நெஞ்சு வலின்னு வந்தாரு. கார்டுக்குப் பதில் வரட்டும்னு குந்திகினே இருந்தாரு. குந்துன மேனிக்கே பூட்டாரு."

அவன் துள்ளி எழுந்தான். லோகநாயகியின் கையைத் தொட்டான், சில்லென்று இருந்தது. அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அங்கே யாரும் அட்டை கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பை சீழ் பிடித்துவிட்டது, சாயங்காலம் வரை வைத்திருந்தால் எங்களாலும் முடிந்திருக்காது என்று வெளியே வந்த டாக்டர் அவனைத் திட்டினார்.

மூன்றாம் நாள் அவள் எழுந்து கஞ்சி குடித்தாள். அனந்தகிருஷ்ணன் புதுக் கம்பெனிக்கு போன் போட்டு, நாளைக்கே சேருகிறேன், முதல் நாளே மனைவி பெயரையும் இன்சூரன்சில் ஏற்றிவிடுங்கள் என்றான். நாளைக்கு ஆடி மட்டுமல்ல, அஷ்டமியும்கூட. அவன் காலண்டரைப் பார்க்கவில்லை.

பழைய கம்பெனி விக்கி அன்று ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். அவனும் அடுத்த வாரம் வேலையை விடப் பேப்பர் போடப் போகிறானாம். நல்ல நாள் பார்த்து ஒரு மாதம் கழித்துத்தான் புது இடமாம்.

"நல்ல நாள் பாரு, வேணாங்கல," என்றான் அனந்தகிருஷ்ணன். "ஆனா பழைய வேலையோட கடைசி நாளுக்கும் புது வேலையோட முதல் நாளுக்கும் நடுவுல ஒரு நாள்கூட இன்சூரன்ஸ் இல்லாம இருக்காத. ஜான்சி மேடத்துகிட்ட ஃபாரம் கேளு. தனி பாலிசியா மாத்து. பாலிசி கைக்கு வந்தப்புறம் வேலைய விடு. நான் செஞ்ச முட்டாத்தனத்த நீ செய்யாத."

விக்கி இளித்தான். "ஒரே மாசம்தானேண்ணா. அதுக்குள்ள என்ன ஆயிடப்போவுது?"

கட்டிலில் இருந்து லோகநாயகிதான் பதில் சொன்னாள்.

"மாசம் எதுக்கு விக்கி? எனக்கு ஒரு மத்தியானமே போதுமா இருந்துச்சு."