காய்த்த தடி

நகுலேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஸ்பெரிப் பற்றைக்குள் குனிந்தார். ஒன்பது மணிக்கு மனைவியின் செத்தவீட்டுக்கு மலர்ச்சாலையில் நிற்கவேண்டும். எரித்துவிட்டு வருகிற சனம் கால் கழுவாமல் வீட்டுக்குள் ஏறாது. குழாயோ பின்வளவில். அங்கே போகிற பாதை முழுக்க முள்.

"அப்பா, விடுங்கோ. இண்டைக்குப் போய் உதை ஆர் பாக்கப்போகினம்?" என்றாள் மகள் வினோஜா, கதவடியில் நின்றபடி.

"சேலையிலை கொழுவிக் கிழிச்சால் அம்மாவையெல்லோ குறை சொல்லுவினம்."

சிவநேசம் போய் நாலு நாள். பியர்பொன்ட்ஸ் புறநகரில் இந்த வீட்டுக்கு வந்த இருபத்திரண்டு வருசத்தில் இந்தப் பற்றைக்காக அவர் அவளைத் திட்டாத கோடை இல்லை. டவுன்டவுன் உணவகமொன்றின் குசினியில் இரவு வேலை, பகலில் நித்திரை. தோட்டம் அவருக்கு அடுத்த வீட்டுச் சங்கதி. யூலையில் ஒரு கிண்ணம் கறுப்புப் பழம் கட்டிலடிக்கு வரும். தின்றுவிட்டு, "விதைதான் பல்லுக்குள்ளை நிக்குது" என்பார். அவள் பக்கத்தில் இருந்து எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். "ம்" என்பார். அவருக்குத் தெரிந்த தோட்ட வேலை அந்த "ம்" மட்டும்தான்.

இன்று அவள்மேல் உருக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. என்ன செய்ய, நேரங்கெட்ட நேரத்தில் வந்தது. பற்றையில் இரண்டு வகைத் தடிகள் நின்றன. பழக்காம்புகள் காய்ந்து ஒட்டியிருந்த மண்ணிறத் தடிகள் ஒரு வகை. ஒரு பூக்கூடப் பூத்த அடையாளமில்லாமல் பச்சையாய்க் கொழுத்துப் பாதையை மறித்தவை மற்றது. காய்த்ததில் கைவைக்க மனம் வரவில்லை. அவள் கைபட்டுப் பழம் ஆய்ந்த தடி அல்லவா. பச்சையை ஒன்றுவிடாமல் அடியோடு வெட்டி வேலியோரம் குவித்தார். பெருவிரலில் முள் ஏறியது. பரவாயில்லை என்று நினைத்தார்.

மலர்ச்சாலையில் எரியூட்டும் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். அமத்தினார்.

மத்தியானம் சனம் வரிசையாய்ப் பின்வளவுக்குப் போய்க் கால் கழுவியது. ஒரு சேலையும் கிழியவில்லை. துவாயோடு வந்த வினோஜா பாதையில் அப்படியே நின்றாள்.

"அப்பா, பச்சைத் தடியெல்லாம் எங்கை?"

"காய்க்காதது தானே, வெட்டிப்போட்டன். காய்ச்சதிலை கைவைக்கேல்லை."

"ஐயோ அப்பா! காய்ச்ச தடி அந்த வருசத்தோடை செத்துப்போம். பச்சைதான் வாற வருசம் காய்க்கிறது. அம்மா எத்தினை தரம் சொன்னவ, நீங்கள் கேக்கேல்லையே?"

கேட்டிருந்தார். "ம்" என்றும் சொல்லியிருந்தார்.

அவருடைய முகத்தைப் பார்த்து அவள் குரலைத் தணித்தாள். "வேரிலையிருந்து வந்தாலும் வரும். பழைய பற்றை, சொல்லேலாது."

அவள் உள்ளே போனதும் அவர் வேலியடிக்குப் போனார். அழுகை வந்தது. அதை ஒருவரும் காணக்கூடாதென்று வெட்டிய தடிகளைச் சும்மா இழுத்து அடுக்கினார். வேலியோரமே நின்று வெட்டுப்பட்ட ஒரு தடி மட்டும் வரமாட்டேன் என்றது. அதன் நுனி வளைந்து ஒரு செங்கல்லுக்குக் கீழே போயிருந்தது. ஆவணியில் இதே கல்லில் தடக்கி, "கண்ட இடமெல்லாம் கல்லை வைக்கிறாய், விசரி" என்று அவளை ஏசியது நினைவுக்கு வந்தது. கல்லைத் தூக்கினார். மண்ணுக்குள் நுனி வெள்ளை வெள்ளையாய் வேர் விட்டிருந்தது. நடுவில் ஒரு சின்ன முளை.

பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு ஐஸ்பழத் தடி குத்தியிருந்தது. அதில் சிவநேசத்தின் சரிந்த எழுத்து: பிலோமினா.

இனி நிச்சயமாய் முளைக்கப்போவது இது ஒன்றுதான். அவள் கடைசியாய் நட்டது. இதையும் அவளுடைய சிநேகிதி பிலோமினாவுக்குக் கொடுப்பதா? சுற்றிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஐஸ்பழத் தடியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கல்லைத் திரும்ப வைத்தார்.

"அண்ணை, ஒரு வாய் சாப்பிடுங்கோவன்."

பிலோமினம்மா. மன்னார்க்காரி. பதினைந்து வருசம் சிவநேசத்தோடு ஒரே பஸ்ஸில் துப்புரவு வேலைக்குப் போய்வந்தவர். கால் கழுவிய ஈரத்தோடு நின்றார். வெட்டிய அடிக்கட்டைகளில் அவருடைய கண் போய் நின்றது.

"நேசமக்கா எனக்கொரு கண்டு தாறன் எண்டவ..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "அது கிடக்கட்டும் அண்ணை. அக்காவே போயிட்டா, இனி அதொண்டோ குறை. வாங்கோ."

"ம்" என்றார் நகுலேஸ்வரன்.

பிலோமினம்மா திரும்பி நடந்தார். அந்த "ம்" நகுலேஸ்வரனின் காதிலேயே குத்தியது. இருபத்திரண்டு வருசமாய் அவளுக்குச் சொன்ன அதே "ம்".

"தங்கச்சி, நில்லுங்கோ."

சட்டைப் பைக்குள்ளிருந்து ஐஸ்பழத் தடியை எடுத்து நீட்டினார். "உங்கடை பேர்தான் எழுதி வச்சிருக்கிறா. அந்தக் கல்லுக்குக் கீழை வேர் விட்டிருக்கு. குளிர் முடிஞ்சு பனி கரைய வந்து கிண்டிக்கொண்டு போங்கோ."

பிலோமினம்மா எழுத்தைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எப்பிடி வளக்கிறதெண்டு அவ உங்களுக்குச் சொன்னவவோ?"

"ஓம் அண்ணை. பஸ்ஸுக்கை எந்த நேரமும் அந்தக் கதைதானே."

நகுலேஸ்வரன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார். "எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

பிலோமினம்மா காய்த்த தடியிலிருந்து தொடங்கினார். நகுலேஸ்வரன் "ம்" சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.