ஜெபத்தில் விட்டுப்போன பெயர்

திடப்படுத்தல் ஆராதனைக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது. அய்சியாவுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஆட்டை வாங்கிக் கட்டியாயிற்று, அறுபது நாற்காலிக்குச் சொல்லியாயிற்று, வாழைக்காய் சூப்புக்கு வேண்டிய குலைகள் கொல்லையில் வெட்டிச் சாய்த்துக் கிடந்தன. இன்னும் மாவு அரைக்க வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், நாத்தனார் டோர்காஸ் வந்து குறை சொல்வதற்கு முன்னால் கழிப்பறைக் கதவைச் சரிசெய்ய வேண்டும். இரவுச் சமையலுக்கு வாழைக்காய்த் தோலைச் சீவிக்கொண்டே மனதுக்குள் இதையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகள் ஹைக்கா ஆராதனை ஒத்திகை முடிந்து வந்து எதிரில் நின்றாள்.

"அம்மா, தையல்காரம்மாகிட்ட என் வெள்ளைக் கவுனை நிறுத்தச் சொல்லிடு. ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் எழுந்து நிக்கப் போறதில்ல."

"ஏன்டி, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. போதகர் ஐயர் ஒவ்வொருத்தர் பேரா சொல்லி 'விசுவாசிக்கிறாயா'ன்னு கேப்பார். 'விசுவாசிக்கிறேன்'னு சொல்லணும். எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அத்தனை பேர் முன்னாடி நின்னு பொய் சொல்ல மாட்டேன்."

அய்சியா சீவிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தாள். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் பெற்றவர்கள் கொடுத்த வாக்கை, பதினான்கு வயதில் பிள்ளையே தன் வாயால் சொல்கிற நாள் அது. கிளிமஞ்சாரோ சரிவில் லூத்தரன் சபைப் பிள்ளைகள் யாரும் அதைத் தவறவிட்டதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. அதிலும் ஹைக்கா. இரண்டு வருடம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போனவள். ஞானோபதேசத்தில் எந்தக் கேள்வியை எங்கிருந்து கேட்டாலும் தடுமாறாமல் சொல்கிறவள்.

"உங்கப்பா சபை மூப்பர். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அறுபது பேரைக் கூப்பிட்டிருக்கோம். ஆடு வாங்கிக் கட்டியிருக்கோம்."

"ஆடு என்ன பாவம் பண்ணிச்சு. அவுத்து விட்டுடுங்க."

ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை. பெண்ணின் முகத்தில் திமிர் இருந்தால் வைத்திருப்பாள். இருந்தது சோர்வு. ராத்திரியெல்லாம் தூங்காத முகம். அதைப் பார்த்த பிறகு அய்சியாவின் கோபம் போன இடம் தெரியவில்லை, பயம்தான் மிஞ்சியது.

கணவர் குந்தாயேலி கோயிலிலிருந்து வரும்வரை அவள் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்குமாக நடந்தாள். பசுவுக்குப் போட்ட வாழைத்தண்டையே மறுபடி அள்ளி மறுபடி போட்டாள். அவர் வந்து சைக்கிளைச் சாத்தியதும் அங்கேயே வைத்துச் சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாலும் நல்லவிதமாகச் சொல்ல முடியாத செய்தி.

அவர் கத்தவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல எவளோ எதையோ சொல்லியிருப்பா, ஹைக்கா அம்மா. பயம் வேற. கூப்பிடு, நான் பாத்துக்கறேன்."

கூடத்தில் உட்கார்ந்து மகளைச் சோதித்தார். கட்டளைகளைக் கேட்டார், சொன்னாள். விசுவாசப் பிரமாணத்தின் மூன்று பகுதிகளையும் அவற்றின் பொருளையும் கேட்டார், மூச்சு விடாமல் சொன்னாள். ஞானஸ்நானம் எதற்கு, திருவிருந்து எதற்கு, எல்லாம் சொன்னாள். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஆறு வயதுச் சின்னவள் ஆனந்தே வாசலில் நின்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல உனக்கு என்னம்மா தெரியணும்?"

"தெரியறது வேறப்பா. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"எப்பலேர்ந்து இந்தப் பேச்சு?"

ஹைக்கா தரையைப் பார்த்தாள். "ஓம்பேனியைப் புதைச்ச அன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து."

அந்த வீட்டில் பதினான்கு மாதமாக யாரும் உரக்கச் சொல்லாத பெயர் அது. ஹைக்காவுக்கும் ஆனந்தேக்கும் நடுவில் பிறந்தவன். ரத்தம் கெட்டு, ஏழு வாரம் டவுன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தான். அந்த ஊர் வழக்கப்படி வீட்டு வாழைத் தோப்பிலேயே புதைத்தார்கள். கூடத்து ஜன்னலிலிருந்து இருபது அடி.

"அந்த ஏழு வாரமும் எங்களை முட்டி போட வச்சீங்க," என்றாள் ஹைக்கா. "எப்பவும் என் பேரைத்தான் முதல்ல சொல்லுவீங்க. அப்ப அவன் பேரை முதல்ல சொன்னீங்க. சரி, நானும் அழுது அழுது கேட்டேன். அவன் போய்ட்டான். மண்ணைப் போட்டுட்டு வந்து அன்னிக்கும் ஜெபம் பண்ணீங்க. 'ஹைக்காவைக் காத்தருளும், ஆனந்தேயைக் காத்தருளும்.' நடுவுல மூச்சுக்கூட விடலப்பா நீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு, இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஆமென்னு முடிச்சிட்டீங்க."

"செத்தவங்களுக்காக நாம ஜெபிக்கறதில்ல. அது நம்ம சபை உபதேசம். உனக்குத் தெரியாதா?"

"அவனுக்காக ஜெபிக்கவா சொன்னேன்? அவன் போய்ட்டான்னு ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. உங்களுக்கே அவர்கிட்ட பேசப் பிடிக்கல, மனப்பாடமா ஒப்பிக்கிறீங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குப் பட்டுச்சு. அதுக்கப்புறம் நானும் ஒப்பிக்கிறேன்."

குந்தாயேலி எழுந்தார். தெருவினர் வாராவாரம் விடியலில் வீட்டுக்கு வீடு கூடும் ஜெபத்தில், ஒரு விதவை வாய் தவறிப் புருஷன் பெயரைச் சொன்னதற்காக, எல்லார் எதிரிலும் அவள் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திய மனிதர் அவர். இப்போது மகளிடம், "ஞாயித்துக்கிழமை நீ எழுந்து நிக்கற. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று ஜெபம் நடந்தது. ஹைக்காவும் முட்டி போட்டாள். நடந்தது என்ற பேருக்கு நடந்தது.

வெள்ளிக்கிழமை டோர்காஸ் வந்து இறங்கினாள். கழிப்பறைக் கதவை ஆட்டிப் பார்த்தாள், ஆட்டின் விலாவைத் தடவிப் பார்த்தாள். "எலும்பும் தோலுமா இருக்கே அய்சியா, அறுபது பேருக்கு இதோட நிழலையா பரிமாறப் போற?" என்றாள். மற்ற நேரமாக இருந்தால் அய்சியா சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று எதுவும் காதில் ஏறவில்லை. சுண்ணாம்பு அடிக்கப் போனவள் ஒரு சுவரோடு விட்டாள். உலையில் உப்பை இரண்டு தரம் போட்டாள்.

அவளை அரித்தது மகளின் பிடிவாதம் அல்ல. தன் மனதே அவளைக் குத்தியது. ஏனென்றால் அய்சியா அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தினமும், அடுப்படியில், யாருமில்லாதபோது, புகையோடு புகையாக. ஏன் என் பிள்ளையை எடுத்தீர் என்று ஆண்டவரைத் திட்டியும் இருக்கிறாள். காலடிச் சத்தம் கேட்டால் முந்தானைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அகப்பையை எடுத்துக்கொள்வாள். பாவம் என்ற பயம், மூப்பர் வீட்டுப் பெண்பிள்ளை என்ற பயம் வேறு. பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள், வசனம் சொல்லிக்கொடுத்தாள். ஆண்டவரிடம் அழலாம், சண்டை போடலாம் என்பதை மட்டும் காட்டாமல் ஒளித்துவிட்டாள். பெண் எங்கே போய்க் கற்றுக்கொள்வாள்? நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் டோர்காஸ் நாற்காலி விஷயமாக வெளியே போயிருந்தாள். வீட்டார் மட்டும் கூடத்தில் முட்டி போட்டார்கள். குந்தாயேலி வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். பகலுக்காகவும் உணவுக்காகவும் நன்றி சொன்னார். சபைக்காகவும் ஐயருக்காகவும் கேட்டார். பிறகு பிள்ளைகளிடம் வந்தார்.

"ஹைக்காவைக் காத்தருளும்..."

"ஓம்பேனி," என்றாள் அய்சியா.

உரக்கத்தான் சொன்னாள். அவள் குரலே அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் ஜெபத்தின் நடுவே அவள் இதுவரை வாய் திறந்ததில்லை. கணவர் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி பிடித்தார்.

"ஹைக்காவைக் காத்தருளும்..."

"ஓம்பேனி. என் பிள்ளை. நடுவுல ஒரு பிள்ளை இருந்தான், ஹைக்கா அப்பா. அவனைத் தாண்டிப் போகாதீங்க."

குந்தாயேலி மூன்றாம் முறை 'ஹைக்காவை' என்று தொடங்கி அங்கேயே விட்டார். ஆனந்தே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "அப்பாவுக்கு மறந்துபோச்சா?" என்று அக்காவைக் கேட்டாள். கணவர் எழுந்து போய்விடுவார் என்றே அய்சியா நினைத்தாள்.

அவர் போகவில்லை. மூப்பருக்கான குரலை விட்டுவிட்டு, மனிதர் பேசுகிற குரலில் பேசினார்.

"நான் கேட்டேன். ஏழு வாரம் கேட்டேன். நீர் தரல. அவன் பேரைச் சொன்னா எனக்குக் கோவம் வந்துடும். உம்மகிட்ட கோவப்பட்டு எனக்குப் பழக்கமில்ல. அதனாலதான் சொல்லல. உபதேசம்னு சொன்னது சாக்கு." பிறகு அழுதார். நெற்றியை நாற்காலியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, குழந்தைகள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதார். ஆமென் சொல்லக்கூட இல்லை.

எல்லாரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் ஹைக்காதான் பேசினாள்.

"நாளைக்கு இதுக்காக மட்டும் என்னால எழுந்து நிக்க முடியாதுப்பா. இன்னும் இல்ல."

அவர் முகத்தைத் துடைத்தார்.

"நிக்க வேண்டாம்," என்றார். "ஐயர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சொன்னபடி விடியுமுன்னே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஐயர் என்ன சொன்னார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆராதனையில் இருபத்திரண்டு பிள்ளைகள் வெள்ளையில் வரிசையாக நின்று ஒவ்வொருவராக 'விசுவாசிக்கிறேன்' என்றார்கள். ஹைக்கா நீலப் பாவாடையோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சபை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மூப்பர்கள் பெஞ்சிலிருந்த குந்தாயேலியும் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து வந்து, மகளின் மறுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

விருந்துக்குக் கூப்பிட்ட அறுபது பேரும் வந்தார்கள். விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ள இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். டோர்காஸ் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துப் பரிமாறினாள். "படிக்க வச்சா இப்படித்தான். நாங்கல்லாம் கேள்வியே புரியாம விசுவாசிக்கிறேன்னு சொன்னவங்க, நல்லாத்தானே இருக்கோம்?" அய்சியாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் தட்டைக் கழுவிக்கொண்டே ஒரு தரம் சிரித்துவிட்டாள். அது என்ன சிரிப்போ, அவளுக்கே விளங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, நால்வரும் கூடத்தில் முட்டி போட்டார்கள். குந்தாயேலி தொண்டையைச் செருமவில்லை. வார்த்தை வராமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். மனப்பாடம் செய்ததை இனிச் சொல்ல முடியாது, வேறு எதுவும் பழக்கமில்லை. அய்சியாவுக்கு மறுபடி நிலைகொள்ளாமல் வந்தது. இன்றோடு இந்த வீட்டு ஜெபம் நின்றுவிடுமோ என்று பயந்தாள்.

"நான் பண்ணட்டுமா?" என்றாள் ஹைக்கா. "ஆனா நல்லா இருக்காது."

"பரவாயில்லம்மா."

ஹைக்கா கண்ணை மூடவில்லை. ஜன்னல் வழியாக வாழைத் தோப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆண்டவரே, ஓம்பேனியை ஏன் எடுத்தீர்? அப்பா ஏன்னு கேக்கல, அம்மா அடுப்படியில ஒளிஞ்சு கேட்டாங்க, எனக்குத் தெரியும். இப்ப நான் கேக்கறேன். எனக்கு உம்மேல ரொம்பக் கோவம். நீர் பதில் சொல்ற வரைக்கும் தினமும் இதே நேரத்துக்கு வந்து கேப்பேன்."

குந்தாயேலி, "ஆமென்," என்றார்.