தலைமாட்டுப் பலகை

2023 டிசம்பர் முதல் வாரம், புயல்மழையின்போது, எர்ணாவூரிலும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய தெருக்களிலும் வெள்ளத்தோடு கறுப்பு எண்ணெய் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவர்களில் ஒரு கோடு நின்றது.

அதற்கடுத்த வருடமும் போய், 2025 மே மாதம். திருவொற்றியூரில் தன் மரச்சாமான் கடையில் மகிமா ஒரு பழைய ஜன்னல் சட்டத்தை அலமாரிக் கதவாக்குவதற்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஹஃப்சாவின் போன் வந்தது.

"அக்கா, மாமாவுக்கு இளைப்பு ஜாஸ்தியாயிட்சு. கட்டுலு வந்த பொறவுதான். ரூம்ல ஒரு வாட வருது. பாலீஷ் வாசனன்னு வூட்ல எல்லாம் சொல்றாங்க. உங்க பாலீஷ் இப்டிதான் இருக்குமா?"

"என்ன மாதிரி வாடை ஹஃப்சா?"

ஹஃப்சா கொஞ்சம் யோசித்தாள். "மெக்கானிக் கடையாண்ட போனா வருமே, அது."

மகிமாவின் கையிலிருந்த டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது. நேரில் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

அந்தக் கட்டில் ஹஃப்சாவின் மாமனார் மதார் சாகிப்புக்காகச் செய்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றிய மனிதர்; நுரையீரல் கெட்டுவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்தபடி உட்கார்ந்துதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையில் விற்கும் எந்தக் கட்டிலும் அதற்கு ஒத்துவரவில்லை. மகிமாவே தண்டையார்பேட்டை வீட்டுக்குப் போய், அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகு எந்தச் சாய்வில் இருந்தால் மூச்சு லேசாகிறது என்று பார்த்துப் பார்த்து அளவெடுத்தாள். தலைமாடு சரிந்து நிற்கும்படி வரைந்தாள். மரம், ராயபுரத்தில் இடித்த பழைய வீட்டின் பர்மா தேக்கு உத்திரங்கள் என்று சொல்லி, ஏப்ரலில் கட்டிலைக் கொடுத்தாள்.

அவள் கணவன் அபின் எர்ணாவூர் பட்டறையில் இருந்தான். மகிமா கூப்பிட்டபோது போனில் ரம்பச் சத்தம் கேட்டது.

"மதார் சாகிப் கட்டிலுக்கு எந்த மரம் எடுத்தீங்க?"

"ராயபுரம் வீட்டு மரம்."

"எல்லாமேவா?"

ரம்பம் நின்றது. "ஏன் கேக்குற?"

"எல்லாமேவா, அபின்?"

"அடிச்சட்டம் ரெண்டு குறைஞ்சுது. தார்ப்பாய்க்குள்ள இருந்து எடுத்தேன்."

வெள்ளத்தில் பட்டறைக்குள்ளும் எண்ணெய் வந்திருந்தது. நிறுத்திவைத்த மரங்களின் அடிப்பாகம் அதைக் குடித்துவிட்டது. அப்போது இருவரும் ஒவ்வொரு மரத்தையும் இழைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தார்கள். மாதா கோயில் பீடத்துணியில் சொட்டிய மெழுகை மகிமாவின் அம்மா அப்படித்தான் எடுப்பாள். தாள் நனையாத மரம் கடைக்குப் போனது. நனைந்ததைப் பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வீட்டுச் சாமானுக்கு அதைத் தொடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் போனதும், தார்ப்பாய்க்குள் இருப்பதும் மரம்தானே என்றாகிவிட்டது.

"நல்லா இழைச்சுப் பார்த்தேன் மகி. உள்ள சுத்தமா இருந்துச்சு. ஒரு வாடையும் இல்ல."

"எப்போ பார்த்தீங்க?"

"பொங்கல் சமயத்துல."

"அந்தக் குளிர்ல என்ன வாடை வரும்? இப்போ வெயில் எப்படி அடிக்குது?"

அபின் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். "நீ அங்க போயி எதையும் உளறிட்டு நிக்காத. ரெண்டு சட்டம்தானே, மாத்திக் கொடுத்துட்டு வா. பாலீஷ்னு சொல்லு. விஷயம் வெளிய போச்சுன்னா அந்தக் குவியல்ல இருந்து போன மத்ததையும் கேப்பாங்க."

"மத்ததுன்னா?"

"ஒரு டீக்கடை பெஞ்சு. அப்புறம், ஒருத்தருக்கு புத்தக அலமாரி."

அவளுக்கு அதுவும் இப்போதுதான் தெரிந்தது.

ராயபுரம் மரத்தில் அறுத்த இரண்டு சட்டங்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. டீசல் புகை முகத்தில் அடித்தது. இந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்த அறைக்குள் போய் நின்றால் தன் மூக்குக்கு எதுவும் பிடிபடுமா என்று பயமாக இருந்தது. அதைவிட, ஒன்றும் பிடிபடாமல் போனால் நிம்மதியாக இருக்கும் என்று தனக்குத் தோன்றியதும் பயமாக இருந்தது. அந்த மனிதர் எத்தனை ராத்திரி அதில் சாய்ந்து மூச்சு விட்டிருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டாள்.

மாடி அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. திறந்தால் லாரிப் புழுதி வரும். மதார் சாகிப் கட்டிலில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் மருந்துப் புகை பிடிக்கும் மெஷின் இருந்தது.

"வாம்மா மேஸ்திரி," என்றார். நான்கு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. "கட்டுல பாக்க வந்தியா, கட்டுல்ல கெடக்கற ஆள பாக்க வந்தியா?"

"ரெண்டும்தான் பாய்."

"இவ பேச்ச கேக்காத. ஹார்பர்ல பர்னஸ் ஆயிலு, கரி, கந்தகம் எல்லாத்தையும் மோந்துகினு கெடந்தவன் நானு. எனக்கு ஒரு வாடையும் வர்ல."

"நேத்து பிரியாணி வாசனையே வர்லன்னீங்களே மாமா," என்றாள் ஹஃப்சா.

"பிரியாணியா இருந்தா வந்துருக்கும்."

மகிமா சிரிக்க முயன்றாள். அறையில் ஏதோ இருந்தது. ஆனால் அது மருந்தா, வார்னிஷா, வெளியிலிருந்து தன் துணியில் ஒட்டி வந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஹஃப்சாவிடம் இஸ்திரிப் பெட்டியும் வெள்ளைத் தாளும் கேட்டாள்.

"இஸ்திரிப் பெட்டியா? இன்னாத்துக்குக்கா?"

"மரத்துல எண்ணெய் இருக்கான்னு பார்க்கணும்."

ஹஃப்சா அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மதார் சாகிப்பைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றினார்கள். மெத்தையைத் தூக்கி வைத்துவிட்டு, மகிமா அடிச்சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாலீஷ் படாத அடிப்பக்கத்தைத் திருப்பினாள். தாளை வைத்து, பெட்டியை அழுத்தி, எடுத்து, தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றும் இல்லை. அடுத்தது. ஒன்றும் இல்லை. நிறம் கொஞ்சம் மாறியிருந்த இரண்டு சட்டங்களை வெகுநேரம் அழுத்தினாள். அவைதான் அபின் சொன்னவை. தாள் சூட்டில் லேசாகப் பழுத்ததே தவிர நனையவில்லை. அபின் சொன்னது உண்மைதான், நன்றாகவே இழைத்திருக்கிறான்.

"நான் சொல்லல?" என்றார் மதார் சாகிப். "பாலீஷ்தான். நாலு நாள்ல பூடும். இந்தக் கட்டுல்லதான் நானு ரெண்டு வருசத்துக்கு அப்பறம் தூங்கறேன். ஆள விடுங்க."

கழற்றிய சட்டங்களையே திரும்ப மாட்டி மெத்தையைப் போட்டார்கள். அவர் நாற்காலியிலிருந்து மெல்ல வந்து உட்கார்ந்து, பின்னால் சாய்ந்தார். தலை பலகையில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

மகிமா அந்தப் பலகையைப் பார்த்தாள். அகலமான ஒரே பலகை. பலகைகளை ஒட்டி ஜோடு போட வேண்டாம், விளிம்பு முதுகில் உறுத்தும், ஒரே பலகையாகப் போடுங்கள் என்று அபினிடம் பிடிவாதம் பிடித்தது அவள்தான். போட்டோ எடுத்து எல்லோருக்கும் காட்டியதும் அவள்தான். ராயபுரம் வீட்டு உத்திரங்கள் ஒரு சாண் அகலம்கூட இல்லை. அவற்றை எப்படி அறுத்தாலும் இவ்வளவு அகலப் பலகை வராது.

அபின் மறந்தானா, சொல்லாமல் விட்டானா என்று தெரியவில்லை. பாலீஷ்தான் என்று சொல்லிவிட்டு இப்போது இறங்கிப் போய்விடலாம். அதைக் கேட்க எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

"பாய், இன்னொரு தடவை எழுந்திரிக்கணும்."

"மறுபடியுமா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார். "ஒக்காந்து ஒக்காந்து எந்திரிக்கத்தான் கட்டுலு செஞ்சியா?"

"தலைமாட்டையும் பார்த்துடறேன்."

கட்டிலைச் சுவரை விட்டு இழுத்தார்கள். பலகையின் பின்பக்கம் பாலீஷ் இல்லாமல் வெறும் மரமாக இருந்தது. மகிமா தாளை வைத்துப் பெட்டியை அழுத்தினாள். இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்தாள். முதலில் ஒரு புள்ளி. அது விரிந்து உள்ளங்கை அளவுக்குத் தாள் பழுப்பாகி, ஈரமாகி, மரத்தின் ரேகை அதன் வழியே தெரிந்தது. அறையில் வாடை எழும்பியது. ஹஃப்சா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான்க்கா. இந்த வாடதான்."

"இன்னாமா அது?" என்றார் மதார் சாகிப்.

மகிமா பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். "வெள்ளத்துல எங்க பட்டறையில எண்ணெய் குடிச்ச மரம் பாய். எடுக்கக்கூடாதுன்னு தனியா வச்சிருந்தோம். அகலப் பலகை வேணும்னு நான்தான் கேட்டேன். அகலம் அதுல மட்டும்தான் இருந்திருக்கு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" ஹஃப்சாவின் குரல் மாறியிருந்தது.

"நீ போன் பண்ணப்போ சந்தேகம் வந்துச்சு."

"அப்பவே அவர கட்டுல்லேர்ந்து எறக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. நீங்க வர்றதுக்குள்ள இன்னொரு தபா மெஷின் வெச்சேன்."

மகிமா பலகையிலிருந்து தாளை உரித்தெடுத்தாள்.

மதார் சாகிப் ஈரத்தாளை வாங்கி முகர்ந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு வர்ல," என்றார். பிறகு, "கட்டுல எட்த்துனு பூடுவியா?"

"பலகையை மட்டும்தான் பாய்."

"அப்ப எதுல சாயறது?"

திருகாணிகளைக் கழற்றி, மகிமாவும் ஹஃப்சாவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பலகையைப் படி வழியே இறக்கினார்கள். ஸ்கூட்டரில் ஏறாததால் ஒரு குட்டியானை வண்டியை வரவழைக்க வேண்டியிருந்தது. அறையின் ஜன்னலைத் திறந்து, சுவரோரம் தலையணைகளை அடுக்கி மதார் சாகிப்பைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். இரண்டாம் நாள் மூச்சிளைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலைப் பற்றி ஹஃப்சா கேட்டதற்கு, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

டீக்கடைக்காரர் பெஞ்சைத் திருப்பிக் கொடுத்தார். அலமாரி வாங்கியவர் தனக்கு வாடை எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொண்டார். தார்ப்பாய்க்குள் மீதியிருந்த மரத்தை அபின் கான்கிரீட் போட அச்சுப் பலகை அடிக்கும் ஒருவருக்குக் கொடுத்தான். ராயபுரம் மரத்தில் மூன்று பலகைகளை ஒட்டிப் புதுத் தலைமாடு செய்து, ஜூன் மாதம் மகிமாவே போய் மாட்டினாள். ஜோடு முதுகில் உறுத்துகிறது என்று மதார் சாகிப் சொன்னார். மேலே ஒரு போர்வையை மடித்துப் போட்டார்கள்.