அன்புக்கரசி தராத ஹேப்பி கோடு

'தங்கள் புகார் முழுத் திருப்தி அளிக்கும் வகையில் தீர்க்கப்பட்டது. நன்றி' என்று அன்புக்கரசியின் போனுக்குச் செய்தி வந்தபோது, அவளுடைய ஃப்ரிட்ஜுக்குள் சூலூர் பஸ் ஸ்டாண்டை விட வெக்கையாக இருந்தது. இது மூன்றாவது முறை. மூன்று முறையும் அதே செய்தி, அதே நன்றி, கடைசியில் ஒரு பூங்கொத்துப் படம் வேறு.

ஃப்ரிட்ஜ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ஆள் உயரம், கண்ணாடிக் கதவு. கேரண்டி இருக்கிறது, சர்வீஸ் ஆப் இருக்கிறது, அந்த ஆப்பில் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பொம்மையும் இருக்கிறது. குளிர்ச்சி மட்டும் இல்லை. 'குளிரவில்லை' என்று அடித்தால் 'பிளக் மாட்டியிருக்கிறதா?' என்று பொம்மை கேட்கும். மாட்டியிருக்கிறது என்றால் 'சுவிட்ச் போட்டிருக்கிறதா?' என்று கேட்கும். அதற்கும் பதில் சொல்லித் தேறினால், இரண்டு நாள் கழித்து ஆள் வருவான்.

வந்தவன் தீபக். பெருந்துறைக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் குனிந்து எதையோ தட்டுவான். "நாலு மணி நேரத்துல கூலிங் வந்துருமுங்கக்கா" என்பான். பிறகு அவள் போனுக்கு வந்திருக்கும் நான்கு இலக்க எண்ணைக் கேட்பான். கம்பெனி அதற்கு ஹேப்பி கோடு என்று பெயர் வைத்திருந்தது. வேலை சரியாக முடிந்து மனசு குளிர்ந்தால்தான் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் புகார் தீர்ந்தது. ஃப்ரிட்ஜ் எப்படிப் போனாலும் மனசு குளிர்ந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அன்புக்கரசி மாட்டிக்கொண்டது இங்கேதான். வெயிலில் வீடு தேடி வந்தவனை விருந்துக்கு வந்த ஒறம்பரை போல உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, டீ கொடுத்து, "சாப்புட்டீங்களா கண்ணு?" என்று கேட்ட வாய், அடுத்த நிமிடமே 'நம்பர் தர மாட்டேன்' என்று எப்படிச் சொல்லும்? அப்படி ஒரு வாய் இந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. மூன்று முறையும் அவளே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்துக் காட்டினாள். சேவை எப்படி இருந்தது என்று போனில் கேட்ட பெண்ணிடம், "தங்கமான பையனுங்க" என்று ஐந்துக்கு ஐந்தும் கொடுத்தாள்.

"நீ மரியாதை குடுத்துக் குடுத்தே அந்த ஃப்ரிட்ஜைக் கொன்னுபோடுவ" என்றான் ஆட்டோ ஓட்டும் கணவன் ரவிக்குமார். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

கேலி செய்து மறந்துவிடுகிற காரியமாகவும் அது இல்லை. 'அன்பு இட்லி மாவு' என்று வாசலில் போர்டு மாட்டி ஒன்பது வருடம். தினமும் நாற்பது வீட்டுக்கு மாவு; ஃப்ரிட்ஜ் படுத்த ஒரு மாதமாக ஐஸ் கட்டி வைத்துத்தான் சமாளிக்கிறாள். அந்த நாற்பதில் ஒன்று சென்னியம்மாளின் வீடு. அன்புக்கரசியின் அம்மா மாசாணியம்மாள் முப்பது வருடம் களை எடுத்தது சென்னியம்மாளின் தோட்டத்தில்தான். தாகம் என்று போய் நின்றால் சொம்பு அம்மாவின் கைக்கு வராது. குவித்த கையில், உயரத்திலிருந்து தண்ணீர் விழும். அம்மா குடித்துவிட்டு "வாரேனுங்க" என்று திரும்புவாள். இன்று அதே வீட்டு மருமகள் புவனா, மாவு வாங்கும் தூக்குப்போசியோடு அன்புக்கரசியின் வாசலில் வரிசையில் நிற்கிறாள். அந்த வீட்டுத் தட்டில் விழுகிற இட்லி அன்புக்கரசியின் கை பட்ட மாவு. இதை அவள் வெளியே பேசியதே கிடையாது. ஆனால் மாவை வழித்துப் போடும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வாள்.

அந்தப் புவனாதான் செவ்வாய்க்கிழமை, மாவு வாங்குகிறவர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினாள்: 'அன்புக்கா, இன்னைக்கு மாவு புளிச்சிருச்சுங்க. மாமியா ஒரு வாய் வெச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க.'

திட்டி எழுதியிருந்தால்கூடத் தேவலாம். அன்புக்கரசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மிச்சம் இருந்த பன்னிரண்டு கிலோவையும் பக்கத்து வீட்டு எருமைத் தொட்டியில் கொட்டினாள். 'ஃப்ரிட்ஜ் சரியாகும் வரைக்கும் மாவு இல்லைங்க, மன்னிச்சுக்கங்க' என்று குழுவில் எழுதினாள். இரண்டு தெரு தள்ளினால் பாக்கெட் மாவு தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு வாரம் போனால் நாக்கு அதற்குப் பழகிவிடும். மற்ற முப்பத்தொன்பது வீடு திரும்பினாலும் சென்னியம்மாளின் வீடு திரும்பாது என்றே அவளுக்குப் பட்டது.

புதன்கிழமை தீபக் நான்காவது முறையாக வந்தான். அன்புக்கரசி மோர் கொடுத்தாள். அவன் குனிந்தான், தட்டினான், நிமிர்ந்தான்.

"நாலு மணி நேரத்துல வந்துருமுங்கக்கா. அந்தக் கோடு..."

"முடியாதுங்க கண்ணு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தீபக் பதறிப்போனான். "கோடு இல்லாமப் போனா ஆபீசுல பேசுவாங்கக்கா."

"உங்க மேல தப்பில்லீங்க. பெரியவரைக் கூப்புடுங்க, நானே சொல்லிக்கறேன்."

மேலதிகாரி கிருபாசங்கர் போனில் வந்தார். குரலில் தேன் சொட்டியது. "மேடம், இப்போதைக்குக் கோடு குடுத்துடுங்க. பிரச்சினை இருந்தா புதுசா ஒரு புகார் போட்டுக்கலாம்."

"மூணு தடவை போட்டாச்சுங்களே."

"எல்லா கஸ்டமரும் குடுத்துடறாங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் இப்படி அடம் புடிக்கறீங்க."

"இருக்கட்டுங்க. மாவு புளிச்சா உங்க கம்பெனி பேரு கெடாதுங்க. என்ற பேருதானுங்க கெடும். இதுக்குள்ள வெச்ச மாவு மறுநாள் நல்லா இருந்தா நானே கூப்புட்டு நம்பர் சொல்றேனுங்க. அதுவரைக்கும் முடியாதுங்க."

மரியாதை ஒரு சொட்டுக் குறையவில்லை, குரலும் உயரவில்லை. அம்மா ஆயுசில் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தையை அன்புக்கரசி ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டாள்.

போனை வைத்த தீபக், டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அக்கா, கம்ப்ரசர் போயிருச்சுங்க. மொதல் தடவையே எனக்குத் தெரியுமுங்க. அதை மாத்தோணும்னு எழுதினா, மொதல்ல கோடு வாங்கிட்டு வான்னு சொல்றாங்க. நீங்க நம்பர் குடுத்துட்டா புகாரே இல்லீங்க. புகார் இல்லாம எப்புடீங்க கம்ப்ரசர் வரும்?"

அன்புக்கரசிக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஒரு மாதமாகத் தெரிந்துகொண்டே தட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஆனாலும் உண்மையைச் சொன்னவனாயிற்றே என்று இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினாள். கொஞ்சம் வேகமாகவே ஊற்றினாள்.

புகார் திறந்தபடியே கிடந்தது. ஆப் பொம்மை ஆறு முறை வந்து 'திருப்தியா?' என்று கேட்டது. ஆறு முறையும் 'இல்லை'யை அமுக்கினாள். பழகிவிட்டால் அது அப்படி ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை புதுக் கம்ப்ரசரோடு தீபக் வந்தான். வியர்க்க வியர்க்க மாட்டி முடித்தான். கோடு கேட்கவில்லை.

அன்று மத்தியானமே கிரைண்டரைப் போட்டாள். மாவு பொங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்தாள். சனிக்கிழமை விடிந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு தட்டு ஊற்றி எடுத்தாள். ரவிக்குமார் எட்டு இட்லி தின்றான். கேலி செய்ய வாய் ஒழியவில்லை. அவளும் நிதானமாக இரண்டு தின்றாள். பிறகுதான் தீபக்கைப் போனில் கூப்பிட்டு, நான்கு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இப்பத்தானுங்கக்கா எனக்கே ஹேப்பியா இருக்குது" என்றான் அவன்.

'மாவு ரெடிங்க' என்று குழுவில் போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் புவனா நின்றாள். மூச்சு வாங்கியது. வண்டியைக்கூட எடுக்காமல் நடந்தே வந்திருக்கிறாள்.

"மாவு வாங்கிட்டு வான்னு மாமியா வெரட்டி வுட்டுட்டாங்கக்கா. நாலு நாளா எங்க ஊட்ல உப்புமாதானுங்க."

அன்புக்கரசிக்குப் புரியவில்லை. "ஏனுங்க அம்மணி, பாக்கெட் மாவு வாங்கலீங்களா?"

"ஒரு நாள் வாங்கினேனுங்க. உங்க கை மாவு இல்லீன்னா எனக்கு இட்லியே வேண்டாம்னு மாமியா தட்டைத் தொடவே இல்லீங்க."

அன்புக்கரசிக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருக்கிறது என்று தனக்குள் ஒத்துக்கொள்ள அன்றைக்கு அவளுக்குக் கூச்சமாகவே இல்லை.

"ரெண்டு கிலோ போதுங்களா?" என்று கேட்டபடி தூக்குப்போசியை வாங்கிக்கொண்டாள்.