செவ்வாய்க்கிழமை பேருந்து

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: ஊராட்சித் தலைவி ஹிலாரி, உறுப்பினர்கள் மூவர், குறிப்பெழுதும் கெய்த். பொதுமக்கள் தரப்பில் ஒரே ஒருவர், எழுபத்தொன்பது வயது டெனிஸ் ஆல்காக்.

வாரம் ஒருமுறை நகரத்துக்குப் போகும் பேருந்தை நிறுத்திவிடலாமா என்பதுதான் பேச்சு. டெனிஸின் மனைவி ஜாய்ஸ் அந்த நகரத்து முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். கண் மங்கியதால் ஏப்ரலிலேயே டெனிஸ் தன் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது யாருக்கும் தெரியாது. ஞாயிறுதோறும் காரைக் கழுவி வாசலில் நிறுத்துவார். பேருந்து வரும் செவ்வாய் காலையில் ஊரே வேலைக்குப் போக லண்டன் ரயிலில் இருக்கும். அவர் பேருந்தில் ஏறுவதைப் பார்க்க ஆளில்லை.

“அந்த பஸ்ல காத்துதான் ஏறி இறங்குது,” என்றார் ஓர் உறுப்பினர்.

“டெனிஸ், நீங்க பகல்ல இங்கதானே இருக்கீங்க. யாராவது ஏறிப் பாத்திருக்கீங்களா?” என்றாள் ஹிலாரி. “உங்களுக்கென்ன கவலை, என் கல்யாண மோதிரம்கூட உங்க கார் மாதிரி மின்னாது.”

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே முறை போட்டு, அவரை ஏற்றிப் போவதை ஆளுக்கொரு வேலையாகப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

“பாத்ததில்ல,” என்றார்.

ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. மற்றவர்களின் கார்கள் போய்விட்டன.

“மழை பெய்யுதே, கொண்டு விடட்டுமா?” என்றான் கெய்த்.

“வேணாம்ப்பா. கார் முக்குல நிக்குது.”

“ஜாய்ஸை விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன்.”

நடைபாதையில்லாத சாலையில் அவர் இறங்கினார். பின்னால் கெய்த் கதவைச் சாத்திப் பூட்டினான்.